முப்பது நாள் கேள்வி: மருத்துவக் கஞ்சாச் சட்டமும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளும்

1996 நவம்பர் 5 அன்று கலிஃபோர்னியா மக்கள் நேரடியாக வாக்களித்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்துக்கொள்ளலாம், பயிரிட்டும் கொள்ளலாம் என்றது அந்த 215-ஆம் முன்மொழிவு. ஆதரவு 55 சதவீதத்துக்கு மேல். இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 30 அன்று, மத்திய அரசின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் தலைவர் பாரி மக்காஃப்ரி, தலைமைச் சட்ட அதிகாரி ஜேனட் ரீனோ, சுகாதாரத் துறைச் செயலர் டோனா ஷலேலா ஆகியோர் வாஷிங்டனில் ஒன்றாக அமர்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். பரிந்துரைக்கும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை பாயும் என்று எச்சரித்தார்கள். அவர்கள் முன்வைத்த காரணங்களில் ஊர் முழுக்கப் பரவியது ஒன்றுதான்: கஞ்சாவுக்கு மருந்து என்று பெயர் சூட்டினால், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பெற்ற யாருக்கும் வரக்கூடிய பயம் அது. ஆனால் அது சோதித்துப் பார்க்கக்கூடிய பயமும்கூட. அமெரிக்காவில் இந்தச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் வரவில்லை. 1998-இல் ஒரிகன், வாஷிங்டன், அலாஸ்கா. அடுத்த ஆண்டு மெய்ன். 2000-இல் ஹவாய், கொலராடோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இன்று ஏறத்தாழ 40 மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் மருத்துவக் கஞ்சாச் சட்டம் இருக்கிறது. சட்டம் வந்த மாநிலமும் வராத மாநிலமும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே காலத்தில். ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. அந்தக் களத்தில் கால் நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கும் விடைகளைத் தொகுத்துப் படித்தால், மக்காஃப்ரி கேட்ட கேள்விக்குப் பதில் ஓரளவு தெளிவாகவே கிடைத்துவிட்டது. நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் எண்ணம்.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது போதைப் பிரியர்களின் விடுதியில் பிறந்ததல்ல. 1980-களின் சான்ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் எலும்பும் தோலுமாகிக் கிடந்த இளைஞர்களின் படுக்கையருகே பிறந்தது. மேரி ஜேன் ராத்பன் என்ற மூதாட்டி தன் சமையலறையில் கஞ்சா கலந்த பிரௌனி கேக்குகளைச் சுட்டு, நகரின் பொது மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தார். குமட்டல் அடங்கி அவர்களுக்கு நாலு வாய் சோறு இறங்கியது. அவரைப் பலமுறை கைது செய்தார்கள். 215-ஆம் முன்மொழிவுக்கு முன்னின்று உழைத்த டெனிஸ் பெரோன், தன் துணைவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவர். ஆனால் சட்டத்தின் வாசகத்தில் புற்றுநோய், எய்ட்ஸ், கண் அழுத்த நோய் என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கஞ்சாவால் நிவாரணம் கிடைக்கும் வேறு எந்த நோயும் என்று கதவை விரியத் திறந்துவிட்டார்கள். முதுகுவலி என்று சொன்னாலும் போதும் என்றாயிற்று. பிற்பாடு வந்த சிக்கல்களில் பாதிக்கு அந்த ஒரு வரிதான் வாசல்.

இனி அளவீடு. பதின்வயதுப் பிள்ளை கஞ்சா புகைக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையிடமே கேட்பதுதான் வழி. மிச்சிகன் பல்கலைக்கழகம் 'மானிட்டரிங் த ஃபியூச்சர்' என்ற ஆய்வை 1975 முதல் நடத்துகிறது. முதலில் 12-ஆம் வகுப்பு மட்டும், 1991 முதல் 8, 10-ஆம் வகுப்புகளும். வசந்த காலத்தில் ஒரு நாள் பல்கலைக்கழக ஆட்கள் பள்ளிக்கு வருவார்கள். ஒரு பாட வேளைக்குள் பிள்ளைகள் பதில் எழுதி முடிக்க வேண்டும். முன்பு பென்சிலும் தாளும், இப்போது டேப்லெட். கடந்த 30 நாட்களில் எத்தனை தடவை கஞ்சா பயன்படுத்தினாய் என்று கேட்டு விடைகள் வரிசையாக இருக்கும்: இல்லவே இல்லை, 1 அல்லது 2, 3 முதல் 5, இப்படிப் போய் 40-உம் அதற்கு மேலும். பதினான்கு வயதுப் பையன் அதில் ஒன்றைத் தொடுகிறான். இந்தக் கட்டுரையில் வரும் சதவீதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு தொடுகையிலிருந்தும், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை நடத்தும் கணக்கெடுப்பிலிருந்தும் வந்தவை. பள்ளியைவிட்டு நின்றுவிட்ட பிள்ளை இவற்றில் இல்லை. அதிகம் கவலைப்பட வேண்டிய பிள்ளை அதுவாகவே இருக்கலாம் என்பது இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

மேலோட்டமாகப் பார்த்தால் மக்காஃப்ரி சொன்னது சரி என்றே தோன்றும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மெலனி வால் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவக் கஞ்சாச் சட்டம் உள்ள மாநிலங்களில் பிள்ளைகளின் கஞ்சாப் பழக்கம் அதிகம் என்று காட்டியது. பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. காரணம் இன்னதென்று தெரியவில்லை என்று அந்தக் குழுவே தலைப்பில் எழுதியிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

ஊட்டியில் ஸ்வெட்டர் கடைகள் அதிகம். அந்தக் கடைகள் வந்ததால்தான் ஊட்டியில் குளிர் வந்தது என்று நாம் சொல்வதில்லை. கஞ்சாவை ஏற்கெனவே சகித்துக்கொண்ட மாநிலங்கள்தான், கலிஃபோர்னியாவும் ஒரிகனும் கொலராடோவும்தான், முதலில் சட்டத்தையும் கொண்டுவந்தன. அங்கே பெரியவர்களும் அதிகம் புகைத்தார்கள், பிள்ளைகளும் அதிகம் புகைத்தார்கள், சட்டத்துக்கு முன்பே. ஆகவே அதிகமா குறைவா என்று கேட்பதில் பயனில்லை. சட்டம் வந்த பிறகு அந்த மாநிலத்தில் எவ்வளவு மாறியது, அதே ஆண்டுகளில் சட்டம் வராத மாநிலத்தில் எவ்வளவு மாறியது, இரண்டு மாற்றங்களுக்கும் இடையே வித்தியாசம் என்ன என்று கேட்க வேண்டும். மக்கில் பல்கலைக்கழகத்தின் சாம் ஹார்ப்பரும் உடனிருந்தவர்களும் 2012-இல் வால் குழு பயன்படுத்திய கணக்குகளையே எடுத்து இந்த முறையில் திரும்பப் போட்டார்கள். அதிகரிப்பு காணாமல் போயிற்று. சிறிது குறைந்ததுபோலக்கூடத் தெரிந்தது.

அதன்பின் வந்த ஆய்வுகளில் எடை மிகுந்தது கொலம்பியாவின் டெபோரா ஹாசின் தலைமையில் 2015-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. 1991 முதல் 2014 வரை, 48 மாநிலங்கள், 10 லட்சத்து 98 ஆயிரம் மாணவர்கள். அந்த 24 ஆண்டுகளுக்குள் எப்போதாவது சட்டம் இயற்றிய 21 மாநிலங்களில், கடந்த மாதம் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 15.87 சதவீதம், மற்ற மாநிலங்களில் 13.27. ஸ்வெட்டர் கடை ஊர் என்பது உண்மைதான். ஆனால் சட்டத்துக்கு முன், சட்டத்துக்குப் பின் என்று அதே மாநிலத்தைப் பிரித்துப் பார்த்தபோது உயர்வு ஏதும் தென்படவில்லை. 8-ஆம் வகுப்பில் 8 சதவீதத்துக்குச் சற்று மேலிருந்தது 6 சதவீதத்துக்கு இறங்கியே இருந்தது. மார்க் ஆண்டர்சன், பெஞ்சமின் ஹேன்சன், டேனியல் ரீஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் சிடிசி கணக்கை வைத்துப் பல முறை எழுதினார்கள். அவர்களுக்கும் அதே விடைதான். 2018-இல் ஆரன் சார்வெட் முதலானோர் 11 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மருத்துவக் கஞ்சாச் சட்டம் பிள்ளைகளின் பழக்கத்தைக் கூட்டியது என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மிச்சிகன் ஆய்வு இன்னொரு கேள்வியும் கேட்கும்: கஞ்சா வேண்டுமென்றால் உனக்கு எளிதில் கிடைக்குமா? 1975 முதல் பல பத்தாண்டுகளாக, எந்தச் சட்டமும் இல்லாத காலத்திலும், 12-ஆம் வகுப்பில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எளிதில் கிடைக்கும் என்றே சொன்னார்கள். தெருமுனையில் கிடைக்கும் பொருளுக்கு மருத்துவரிடம் ஏன் போக வேண்டும்? அதோடு பழக்கம் ஏறுவதும் இறங்குவதும் சட்டத்தைக் கேட்டு நடப்பதில்லை. ஓராண்டில் ஒருமுறையாவது கஞ்சா பயன்படுத்திய 12-ஆம் வகுப்பு மாணவர்கள் 1979-இல் பாதிப் பேர், 1992-இல் 21.9 சதவீதம், 1996-இல் 36 சதவீதத்தை நெருங்கிவிட்டது. கலிஃபோர்னியா வாக்களிப்பதற்கு முந்திய நான்கே ஆண்டுகளில் அந்தப் பெரிய ஏற்றம் நடந்து முடிந்திருந்தது. அன்று மக்காஃப்ரி கண்ட பயங்கரமான வரைபடம் உண்மை. அதற்குக் குற்றவாளியாக அவர் காட்டிய சட்டம் அப்போது பிறந்திருக்கவே இல்லை. பின்னர் அவருடைய அலுவலகமே கேட்டு வாங்கிய தேசிய மருத்துவக் கழக அறிக்கை 1999-இல் வந்தபோது, மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தால் பொதுப் பயன்பாடு கூடும் என்ற கவலைக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது.

இந்த இடத்தில் சட்டத்தின் ஆதரவாளர்கள் கைதட்டிவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள். நான் அவர்களை உட்காரச் சொல்வேன்.

ஒன்று, மாநிலத்தை மாநிலத்தோடு ஒப்பிடும் இந்த முறை நம்மை ஏமாற்றிய வரலாறு பக்கத்திலேயே இருக்கிறது. 2014-இல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவக் கஞ்சாச் சட்டம் உள்ள மாநிலங்களில் ஓபியாய்டு வலிமருந்துகளால் நேரும் மரணங்கள் எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 25 சதவீதம் குறைவு என்றது. அதை நம்பிச் சட்டங்களே எழுதினார்கள். அந்தக் கணக்கு 2010-ஓடு நின்றது. 2019-இல் செல்சி ஷோவர் குழு அதே முறையை 2017 வரை நீட்டியதும் குறி தலைகீழானது: குறைவுக்குப் பதிலாக 23 சதவீதம் அதிகம். சட்டம் காப்பாற்றவும் இல்லை, கொல்லவும் இல்லை என்பதே அதற்கு ஏற்ற வாசிப்பு. பிள்ளைகள் விஷயத்தில் விடை அப்படிப் புரளவில்லை. பல கணக்குகளில், பல காலங்களில் ஒரே பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் எண்ணைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் நடுக்கம் இருக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் பொழுதுபோக்குக்கான கஞ்சாவும் அனுமதிக்கப்பட்ட பிறகு நடந்தது இன்னொரு பாடம். மிச்சிகன் ஆய்வை வைத்து 2017-இல் மக்டலேனா செர்டா குழு, அங்கே 8-ஆம் வகுப்பில் 2 சதவீதப் புள்ளியும் 10-ஆம் வகுப்பில் 4 புள்ளியும் கூடியதாகக் கண்டது. அந்த மாநிலமே நடத்தும், இன்னும் பல மடங்கு பெரிய பள்ளிக் கணக்கெடுப்பை வைத்து 2019-இல் ஜூலியா டில்லி குழு, இரண்டு வகுப்பிலும் குறைந்ததாகக் கண்டது. ஒரே மாநிலம், ஏறத்தாழ ஒரே ஆண்டுகள். நாடு முழுமைக்குமாக எடுத்த மாதிரியிலிருந்து ஒரு மாநிலத்துக்கு மட்டும் விடை தேடினால் தடுமாற்றம் வரும் என்பதே காரணம். எந்த எண் தனக்கு வசதியோ அதை எடுத்துக்கொண்டு இரு தரப்பும் மேடையேறின.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெருடுவது வேறு. சட்டம் வந்த மாநிலத்தை வராத மாநிலத்தோடு ஒப்பிடும்போது, வராத மாநிலம் தொடப்படாமல் இருந்தது என்று நம்புகிறோம். அப்படி இருந்ததா? கலிஃபோர்னியாச் செய்தி டெக்சஸ் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடியது. தொடர்ந்து கஞ்சா புகைப்பது பெருங்கேடு என்று 1991-இல் 12-ஆம் வகுப்பில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். 2019-இல் அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். இந்தச் சரிவு மாநில எல்லை பார்த்து நடக்கவில்லை. அதே காலத்தில் சிகரெட்டுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்: 1997-இல் 12-ஆம் வகுப்பில் 36 சதவீதத்துக்கு மேல் கடந்த மாதம் புகைத்திருந்தார்கள், இன்று 3 சதவீதத்துக்கும் கீழே. மதுவும் இறங்கியது. கஞ்சா மட்டும் 2010-கள் முழுக்க இறங்காமல் அப்படியே நின்றது. நாடு முழுவதும் அடித்த அந்தக் காற்று மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பீட்டில் சிக்காது. இரண்டு தட்டிலும் ஒரே அளவு ஏறிய எடை தராசில் தெரியாதல்லவா. கஞ்சாவில் கெடுதல் இல்லை என்று மக்காஃப்ரி பயந்த 'சேதி' போயிருக்கலாம். அது எல்லா வீட்டுக்கும் போயிருக்கலாம். அது உண்மையென்றாலும் இத்தனை ஆண்டில் அது பெரிய ஏற்றமாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டம் என்று ஒரே சொல்லால் சொல்வதும் தவறு. ஒரு மாநிலத்தில் நோயாளி தன் கொல்லையில் நான்கு செடி வளர்க்கலாம். இன்னொன்றில் நியான் விளக்குப் போட்ட கடை. ராண்ட் நிறுவனத்தின் ரோசலி பக்கூலா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: கடை உண்டா, பதிவேடு உண்டா, வீட்டில் பயிரிடலாமா என்று பிரித்துப் பார்த்தால்தான் விளைவு புரியும். கொலராடோ அதற்குக் கண்கூடான உதாரணம். அங்கே 2000-இலேயே சட்டம் வந்தது; எட்டு ஆண்டுகள் சத்தமே இல்லை. 2009 தொடக்கத்தில் பதிவு பெற்ற நோயாளிகள் சில ஆயிரம் பேர்தான். மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவர்களைத் துரத்த வேண்டாம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்குக் குறிப்பு அனுப்பியது. கடைகள் முளைத்தன, 2011-க்குள் நோயாளிகள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். 2000-இல் வந்த அடிப்படைச் சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. வியாபாரம்தான் வந்தது.

அந்தக் காலத்தில் டென்வரில் போதை மீட்பு சிகிச்சைக்கு வந்த 164 வளரிளம் பிள்ளைகளிடம் ஸ்டேசி சாலமன்சன்-சௌடெல் குழு பேசியது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், வேறொருவருக்காகப் பரிந்துரைக்கப்பட்ட கஞ்சாவைத் தாங்கள் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ஒருமுறை இருமுறை அல்ல. நடுமதிப்பு 50 தடவை. லட்சக்கணக்கான மாணவர்களின் சராசரி அசையாமல் நிற்கலாம். அதன் ஓரத்தில், ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த இந்தப் பிள்ளைகளின் கைக்கு அண்ணன் தன் மருத்துவக் கஞ்சா அட்டையில் வாங்கிய பொட்டலம் போய்ச் சேர்ந்தது. சராசரியைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இந்த 164 பேரையும் ஒருமுறை நினைக்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்பேன்.

மறுபக்கத்திலும் ஒரு குழந்தை இருக்கிறாள். கொலராடோவின் சார்லட் ஃபிகிக்குப் பிறந்த சில மாதங்களிலேயே டிராவே என்ற கொடிய வலிப்பு. ஐந்து வயதில் வாரத்துக்கு ஏறக்குறைய 300 முறை. மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, போதை தராத சிபிடி மிகுந்த கஞ்சாச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். வலிப்பு அரிதாகிப் போனது. 2013-இல் சஞ்சய் குப்தாவின் ஆவணப்படம் அவளை உலகுக்குக் காட்டியது. 2018-இல் தூய்மைப்படுத்திய சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸுக்கு அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. அவள் 2020-இல் இறந்துவிட்டாள். மருத்துவக் கஞ்சா என்பதே மோசடி என்று பேசுகிறவர்கள் அவளுடைய தாயின் முன் நின்று அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளில் எத்தனை பேர் என்பதையே இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தோம். எது, எவ்வளவு வீரியம் என்று எண்ணவில்லை. பறிமுதல் செய்த கஞ்சாவை ஆண்டுதோறும் சோதிக்கும் மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வகத்தின் கணக்கில், போதை தரும் டிஎச்சி 1995-இல் சுமார் 4 சதவீதம். 2014-இல் சுமார் 12. கடையில் விற்கும் 'வாக்ஸ்', 'ஷேட்டர்' என்ற பிசின் வடிவங்களில் 60, 70, 80 சதவீதம் வரை. தேன்மெழுகு போன்ற அந்தத் துளியைச் சூடான ஆணியில் வைத்து ஆவியை உறிஞ்சுவதற்கு 'டாபிங்' என்று பெயர். 12-ஆம் வகுப்பில் கடந்த மாதம் கஞ்சாவை வேப் கருவியில் இழுத்தவர்கள் 2018-இல் 7.5 சதவீதம், ஒரே ஆண்டில் 14 ஆயிற்று. கேள்வித்தாளில் ஒரு தடவை என்று தொட்ட பையன், தன் அப்பா தலைமுறையின் பீடியை இழுத்தானா, இந்தத் துளியை இழுத்தானா? பெட்டி ஒன்றுதான்.

வீரியம் ஏன் முக்கியம் என்றால், மனச்சிதைவு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வை மார்த்தா டி ஃபோர்டி 2019-இல் வெளியிட்டார். 10 சதவீதமும் அதற்கு மேலும் டிஎச்சி உள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு உள்ளிட்ட உளப்பிறழ்வு நோய்களுக்கான வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்றது அது. அறிவுத்திறன் குறையும் என்பதில் சண்டை ஓயவில்லை. நியூசிலாந்தின் டனீடன் ஆய்வு குறையும் என்றது, இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் குடும்பச் சூழலே காரணம் என்றன. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் தினமும் அதிக வீரியத்தில் எடுப்பதை மட்டும் பாதுகாப்பு என்று எந்தத் தரப்பு மருத்துவரும் சொல்வதில்லை.

பதின்வயதினரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இன்னும் சிறிய பிள்ளைகளை மறந்தோம். கஞ்சா கலந்த மிட்டாயும் சாக்லேட்டும் கடைக்கு வந்த பிறகு, அவற்றைத் தெரியாமல் தின்றுவிட்டதாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2017-இல் 207 பேர். 2021-இல் 3,054. பெரும்பாலும் சொந்த வீட்டில் நடந்தது. கரடி வடிவத்தில் சிவப்பும் பச்சையுமாக மின்னும் மிட்டாயை மூன்று வயதுக் குழந்தை ஒன்று தின்றுவிட்டு நிறுத்துமா?

கொலராடோவில் 2013 முதல் 2019 வரை பள்ளிப் பிள்ளைகளின் மாதப் பயன்பாடு 20 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. கொரோனாவுக்குப் பின் 2021-இல் 13 சதவீதமாக இறங்கியது. அதே 2021-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் தன் மருத்துவக் கஞ்சாச் சட்டத்தைத் திருத்தியது. முரண்போலத் தோன்றும்; முரண் இல்லை. அங்கே பொழுதுபோக்குக் கஞ்சா வாங்க வயது 21. மருத்துவ அட்டை இருந்தால் 18 போதும். பதினெட்டு வயதுப் பையன் இன்னும் 12-ஆம் வகுப்பில்தான் இருக்கிறான். நாளொன்றுக்கு 40 கிராம் பிசின் வரை வாங்க அவனுக்கு அனுமதி இருந்தது. அதை வகுப்புத் தோழர்களுக்கு விற்கிறார்கள் என்று பெற்றோர்கள் சட்டமன்றத்தில் போய் முறையிட்டார்கள். இப்போது நோயாளிகளுக்கு நாளுக்கு 8 கிராம், 18 முதல் 20 வயதுள்ளவர்களுக்கு 2 கிராம். அந்த வயதினருக்கு, வெவ்வேறு மருத்துவமனைகளைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிசின் வாங்குபவரிடம், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டும் துண்டறிக்கையைக் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது.